கீழறையில் ஒரு குளியலிடம்

குளிக்கும் அறையைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். மொகஞ்சதாரோவில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் அதை நகைப்புக்குரியதாக எண்ணவில்லை. செங்கல் பாவிய குளியல் மேடைகளை அவர்கள் வீடுகளில் அமைத்து, தளத்தைச் சற்றே சாய்த்து, நீரைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பினார்கள். அந்தச் சாய்வுதான் இன்று என் பேச்சுக்குப் பொருள். கொத்தனார்கள் அதை 'வாட்டம்' என்பார்கள்.

தேன்கனிக்கோட்டையில் எங்கள் வீடு சரிவான நிலத்தில் நிற்பது. பின்கட்டில் பாதி மண்ணுக்குள் அமைந்த ஒரு கீழறை. முன்னாளில் ராகி மூட்டைகள் அடுக்கியிருந்த இடம். அதன் பின்கதவு கொல்லைக்குச் சமமாகத் திறப்பதால், முழங்கால் நோவுள்ள என் அன்னையார் அங்கே வசிக்கிறார். குளியலோ கொல்லைக்கோடியில். கன்னடம் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் அதைப் 'பச்சல்' என்பார் அவர். ஏறத்தாழ 3,000 அடி உயரத்து மார்கழிக் குளிரில் கொல்லையைக் கடந்தவர் ஒருநாள் வழுக்கி விழுந்தார். கீழறையிலேயே ஷவர் அமைப்பதென்று அன்றே முடிவு செய்தோம்.

வந்த கொத்தனார், "இருக்கிற கான்கிரீட்டின் மேல் மேடை எழுப்பிவிடலாம், ஐயா; செலவு குறையும்" என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன். வடிகால்வாயில் நாற்றம் ஏறாதபடி நீர் தங்கும் பொறி ஒன்று வேண்டும். அதில் இரண்டு அங்குல நீராவது நிற்க வேண்டும். பொறியும் குழாயும் மேடைக்குள் அடங்க அரையடி உயரம் தேவை. ஈரக்காலோடு அரையடி ஏறி இறங்குவதென்றால் அன்னையாரைக் கொல்லையிலேயே விட்டிருக்கலாமே!

ஆகவே நாலடிக்கு நாலடி கான்கிரீட்டைப் பெயர்த்தோம். வீடெங்கும் தூசி, இரண்டு நாள் சமையலே நடக்கவில்லை. பள்ளத்தைக் கெட்டித்து, பொறியைத் தாழ வைத்து, குழாயைக் கொல்லை வாழைகள் பக்கம் திருப்பினோம். பழைய கான்கிரீட்டின் விளிம்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, சிமெண்டுப் பால் தடவிய பிறகே புதுக் கலவை. தளத்துக்கு வாட்டம் நாலடிக்கு ஓர் அங்குலம். அதன்மேல் நீர் புகாப் பூச்சு. சுவரும் தளமும் கூடும் மூலையை வளைவாக உருட்டி, சுவரில் ஓரடி வரை ஏற்றினோம்.

கல் பதிக்குமுன் வடிகால்வாயைத் துணிப்பந்தால் அடைத்து, நீர் நிரப்பி இரண்டு நாள் விட்டோம். மறுநாட் காலை பழைய தளத்தில் கறுத்த கோடொன்று தென்பட்டது. பழையதும் புதியதும் சேரும் விளிம்பில் கசிவு! கொத்தனார் முகம் வாடியது. எனக்கோ கல் பதித்தபின் இது தெரியவில்லையே என்ற நிம்மதி. அந்த விளிம்பை மட்டும் மீண்டும் கொத்திப் பூசி, மறுபடியும் இரண்டு நாள் நீர் நிறுத்தினோம். கோடு வரவில்லை.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் மெருகேறிக் கடல்கடந்து செல்கிறது. ஆயினும் ஈரக்காலுக்கு அந்த மெருகு ஆகாது. கொத்திய கல்லையே பதித்தோம்.

அன்னையார் முதல்நாள் ஷவரைத் தொடவில்லை. முக்காலியில் அமர்ந்து ஒரு செம்பு வெந்நீரைத் தளத்தில் ஊற்றினார். நீர் மூலையை நாடி ஓடியது. "வாட்டம் காலுக்குத் தெரியவே இல்லையே!" என்றார்.