கை கழுவுதலும் தலைவிதியும்
(முதியோர் விடுதி ஊழியர் கூட்டத்தில் பேசியது)



விடுதியில் நோய் பரவினால் தலைவிதி என்கிறோம். 1847 ஏப்ரலில் வியன்னா பிரசவ ஆஸ்பத்திரியில் 100 தாய்மாருக்குச் சுமார் 18 பேர் ஜுரத்தால் மாண்டார்கள். பாதிரியின் மணியோசைப் பயந்தான் காரணமோவென்று டாக்டர் செம்மல்வைஸ் மணியை நிறுத்திப் பார்த்தார், சாவு நிற்கவில்லை. பிணமறுத்த கையோடு வைத்தியர்கள் பிரசவம் பார்ப்பதே காரணமென்று கண்டு, குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஜூலையில் நூற்றுக்கு 2 பேர்கூடச் சாகவில்லை. கடவுளா மாறினார்? கைதானே மாறிற்று!

தீட்டு பிறப்பைப் பார்க்கும், கிருமி பார்க்காது. மேல்சாதிக் கையானாலும் கழுவாத கை ஆபத்தே. ஆகையால் ஒரு முதியவரைத் தொட்டபின் கை கழுவாமல் அடுத்தவரைத் தொடாதீர்கள். வயிற்றுப்போக்குக் காலத்தில் கையில் தேய்க்கும் ஸ்பிரிட் மருந்து போதாது. சோப்பும் தண்ணீருமே வேண்டும். அவற்றைக் கொடுக்காத நிர்வாகம் விதியைப் பழிப்பது வெறும் புரட்டேயாகும்.