மூச்சும் புகைமூட்டமும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆலய விழாவில் நுரையீரலைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் எண்ணலாம். பல ஆண்டுகள் கரும்பலகையோடு காலம் தள்ளியவனுக்கு வேறு என்ன பேசத் தெரியும்? தவிரவும் மூச்சு நம் சமயத்துக்குப் புதிய பொருளன்று. திருமூலர் தம் திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்கென்றே தனிப் பகுதி அமைத்திருக்கிறார். நான் இன்று சொல்லப்போவது உடற்கூறு மட்டுமே.

மூக்கு வழியாக நுழையும் காற்று, அங்குள்ள உரோமங்களாலும் ஈரத்தாலும் வடிகட்டப்பட்டு, வெதுவெதுப்பாகி, குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாயில் இறங்குகிறது. அது இரண்டாகப் பிரிந்து, பிறகு தலைகீழாக நட்ட மரம் போல ஏறக்குறைய 23 முறை கிளைத்துக்கொண்டே போகிறது. நுனிக் கிளைகளில் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. இவை 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு, அதாவது நம் மூன்றறை வீவக வீடு அளவுக்கு வரும்! அதன் சுவரோ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அந்தச் சுவரின் வழியாகத்தான் பிராணவாயு இரத்தத்துக்குள்ளும், கரியமிலவாயு வெளியேயும் போகின்றன.

நுரையீரல் தானாக விரியாது. அதை விரிக்கும் தசை அதில் இல்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூடாரம் போல் இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும்போது நெஞ்சறை பெரிதாகி, காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நாகசுரக்காரர் நீண்ட ஆலாபனை செய்யும்போது அவர் வயிற்றைக் கவனியுங்கள். உதரவிதானத்தின் வேலை கண்ணுக்கே தெரியும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. இளைப்பாறும்போது நாம் ஒரு மூச்சில் இழுப்பது சுமார் 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் குழாய்களிலேயே நின்றுவிடும். நுண்ணறைக்குப் போவது 350தான். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் 4,200 மில்லிலிட்டர் பயன்படுகிறது. பதற்றத்தில் ஒருவர் 250 மில்லிலிட்டர் வீதம் 24 முறை மூச்சு விடுகிறார் என்று வையுங்கள். உள்ளே இழுக்கும் மொத்தக் காற்று அதே 6 லிட்டர்தான். ஆனால் நுண்ணறைக்குப் போவது 2,400 மட்டுமே. மேல்மூச்சு வாங்குபவர் ஏன் களைத்துப்போகிறார் என்பது இப்போது விளங்கும். மூச்சை ஆழமாகவும் மெதுவாகவும் விடச் சொன்ன நம் முன்னோர் மில்லிலிட்டர் கணக்குப் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது, சொன்னது சரி.

இனி புகைமூட்டத்துக்கு வருகிறேன். 2013 ஜூன் 21, வெள்ளிக்கிழமை நண்பகல். சிங்கப்பூரின் 3 மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாய நிலை. 1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தில்கூட அது 226 வரைதான் போயிற்று. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள். 2019இலும், 2023 அக்டோபரிலும் குறியீடு மீண்டும் 100ஐத் தாண்டியது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் நிலத்தைத் திருத்த வைக்கும் தீ, கரிநிலம் எனப்படும் ஆழமான மக்கிய மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அந்தப் புகை கடல் தாண்டி சிராங்கூன் சாலை வரை வந்துவிடுகிறது.

புகையில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததே கொடியது. பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடும். அதைத் தாண்டியதை மூச்சுக்குழாயின் சளிப்படலம் ஒட்டிக்கொள்ளும். அங்குள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அதை மேலே தள்ளிவிடும். ஆனால் 2.5 மைக்ரோனுக்கும் குறைவான துகள்கள், அதாவது தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குக்கும் சிறியவை, இந்தக் காவல்களை எல்லாம் தாண்டி நுண்ணறை வரை போகும். அங்கே துடைத்துத் தள்ள நுண்மயிர் கிடையாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தத் துகள் பட்டதும் சிறு குழல்களைச் சுற்றியுள்ள தசை இறுகி, உட்சுவர் வீங்கி, மூச்சை வெளியே விடுவதே பெரும்பாடாகிவிடும். அந்த விசில் சத்தம் அதனால்தான்.

நம் கவலைக்கு வருகிறேன். தீமிதித் திருவிழா ஐப்பசியில் வருகிறது. அதற்கான விரதமும் பயிற்சியும் புகைமூட்ட மாதங்களில்தான் அமைகின்றன. பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடக்கிறார்கள். இளைப்பாறும்போது நிமிடத்துக்கு 6 லிட்டர் போதும். வேகமாக நடந்தால் 30 லிட்டர், அதற்கு மேலும் வேண்டும். ஆகவே அதே புகையில் உட்கார்ந்திருப்பவரைவிட நடப்பவர் ஐந்து மடங்கு துகளை உள்ளே இழுக்கிறார். கட்டுமானத் தளத்தில் நாள் முழுதும் வேலை செய்துவிட்டு ஞாயிறன்று தேக்காவுக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். அவர்களால் சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்க முடியுமா?

விரதத்தில் இருப்பவர் இன்ஹேலரைப் பயன்படுத்தலாமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. இன்ஹேலர் உணவல்ல. அதில் வரும் மருந்து இறுகிய குழலைத் திறக்கிறது, அவ்வளவுதான். அதை நிறுத்தும்படி எந்த அம்மனும் கேட்கவில்லை. மருத்துவர் சொன்னதை விடாதீர்கள். நடக்கும்போது அதை இடுப்பு மடியில் வைத்திருங்கள்.

என்95 முகக்கவசம் நல்லது. அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பயன் தரும். விரதத்துக்குத் தாடி வளர்த்திருப்பவர்களுக்கு ஓரத்தில் காற்று கசியும். அவர்கள் கவசத்தை நம்பி வேகமாக நடக்க வேண்டாம். குறியீடு 100ஐத் தாண்டினால் முதியோர், கருவுற்றோர், சிறுவர்கள் வெளியில் நெடுநேரம் இருப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இருதய நோயும் நுரையீரல் நோயும் உள்ளவர்கள் தவிர்த்தே விட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். சாம்பிராணிப் புகையும் புகைதான். ஊதுவத்தியிலிருந்தும் அதே நுண்துகள்கள் வருகின்றன. புகைமூட்ட நாட்களில் ஒரு கட்டுக்குப் பதில் ஒரு வத்தி போதும். அதையும் முன் மண்டபத்தில், காற்றோட்டமான இடத்தில் ஏற்றலாம்.

அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தருகிற நம் நன்கொடையாளர்களிடம் ஒரு விண்ணப்பம். ஜூன் மாதத்துக்கு முன்பே அலுவலகத்தில் சில பெட்டி முகக்கவசங்களும், முதியோர் மண்டபத்துக்கு ஒரு காற்றுச் சுத்திகரிப்பானும் வாங்கி வைக்க நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். குறியீட்டைத் தினமும் காலையில் அறிவிப்புப் பலகையில் எழுதும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். சுண்ணாம்புக் கட்டி இன்னும் கையில் பழக்கமாகத்தான் இருக்கிறது.