ஊர்ப்பணியும் நீர்நிலைக் காவலும்

(பூம்புகாரில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காவிரித் தாய் தன் நெடும்பயணத்தை முடித்துக் கடலோடு கலக்கும் இடத்தில் நாம் கூடியிருக்கின்றோம். மேட்டூரில் திறந்துவிடப்படும் நீர் பல ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து, மேலையூர்க் கடைமடைக் கதவணையைத் தாண்டி இங்கே வந்து சேருகின்றது. நீர் மட்டும் வருவதில்லை. வழியிலுள்ள நகரங்களும் சிற்றூர்களும் அதில் எதைக் கொட்டினவோ அதுவும் சேர்ந்து வருகின்றது. 2018ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் மாசுபட்ட ஆற்றுப் பகுதிகள் 351 என்று கணக்கிட்டபோது, மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரியும் அப்பட்டியலில் இடம்பெற்றது. மேல்மடையிலுள்ளவர் செய்யும் பிழையைக் கடைமடையிலுள்ளவர் சுமக்கின்றார். ஆதலால், சுற்றுச்சூழல் விதிகள் எதற்காக ஏற்பட்டன என்பதைப் பிறர் சொல்லி அறிய வேண்டியவர்கள் அல்லர் நீங்கள். ஆயினும், நம் ஊராட்சியே ஒரு பணியைச் செய்யும்போது அவ்விதிகளை எவ்வாறு கைக்கொள்வது என்பது பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகின்றேன்.

நகரத்தில் ஓர் அலுவல்

பெரிய நகரங்களின் பொதுப்பணிப் பிரிவுகளில் இக்காலத்தில் ஒரு தனி அலுவல் வளர்ந்து வருகின்றது. சாலை, வடிகால், குடிநீர்க் குழாய், குப்பைக் கிடங்கு எதுவாயினும், அது சுற்றுச்சூழல் சட்டங்களுக்கு ஒத்து நடக்கின்றதா என்று பார்ப்பதே அவ்வலுவலரின் கடமை. அவர் மண்வெட்டி பிடிப்பதில்லை, மதிப்பீடும் தயாரிப்பதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னரே நில வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இவ்விடத்திற்கு எந்தச் சட்டம் பொருந்தும், யாருடைய அனுமதி தேவை, அனுமதியில் என்னென்ன நிபந்தனைகள் உள்ளன என்று எழுதி வைக்கின்றார். பணி நடக்கும்போது அந்நிபந்தனைகள் ஒவ்வொன்றும் நிறைவேறுகின்றதா என்று நேரில் சென்று பார்க்கின்றார். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி அனுமதி பெற்ற திட்டங்களுக்கு ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. அதனையும் அவரே கவனிக்கின்றார்.

இத்தகையோர் ஏன் தேவைப்படுகின்றனர் என்பதற்குச் சென்னையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். கோவளம் வடிநிலப் பகுதியில் செருமானிய வங்கி ஒன்றின் கடனுதவியோடு மழைநீர் வடிகால் அமைக்கச் சென்னை மாநகராட்சி முனைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வாழும் மக்கள், "இது மணற்பாங்கான நிலம், மழையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், இங்கே வடிகால் அமைத்தால் எங்கள் கிணற்று நீர் கடலுக்குப் போய்விடும்" என்று முறையிட்டனர். 2020ஆம் ஆண்டில் அவ்வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வின்முன் நடந்தது. பணியை நிறுத்தி வைத்து, வல்லுநர் குழுவைக் கொண்டு ஆராயும் நிலை ஏற்பட்டது. வெள்ளத்தைத் தடுக்கும் நல்லெண்ணத்தோடு தொடங்கிய பணிதான். ஆயினும், மண்ணின் தன்மையை முதலிலேயே கேட்டறிந்திருந்தால் அவ்வளவு காலமும் பொருளும் வீணாகியிரா.

நம் கடற்கரை தந்த தீர்ப்பு

நகரத்துக் கதை நமக்கெதற்கு என்று எண்ணவேண்டா. கடற்கரைச் சூழல் பற்றி இந்நாட்டில் பிறந்த பெருந்தீர்ப்புகளுள் ஒன்று நம் தஞ்சைத் தரணியின் கடலோரத்திலிருந்து எழுந்ததே. 1990களின் தொடக்கத்தில் இக்கரையோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. நெல் விளைந்த நிலத்தில் உப்புநீர் தேங்கியது. குடிநீர்க் கிணறுகள் உவர்த்தன. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தை நாடினார். 1996ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் வெளிவந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்திற்குள் அமைந்த பண்ணைத் தொழிலகங்களை அகற்றுமாறு கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே அதற்குரிய ஈட்டைச் செலுத்தவேண்டும் என்ற நெறியையும் நிலைநாட்டியது. பின்னர், 2005ஆம் ஆண்டில் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகளைப் பதிவுசெய்து நடத்தும் முறையை ஏற்படுத்தியது. சட்டம் மேலிருந்து மட்டும் வருவதன்று. உழவரும் வேளாண் தொழிலாளரும் எழுப்பிய குரலிலிருந்தும் வருவது என்பதற்கு இது சான்று.

என் கையெழுத்தால் நேர்ந்த பிழை

இனி, என் சொந்த அனுபவம் ஒன்றை மறைக்காமல் கூறுகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன், இதே டெல்டாவின் வேறொரு பகுதியில் இளநிலை அலுவலராக இருந்தேன். ஓர் ஊராட்சியில் குப்பை சேர்க்கும் இடம் கேட்டனர். புறம்போக்காகக் கிடைத்தது வடிகால் வாய்க்காலின் கரை ஒன்றே. கோடையில் போய்ப் பார்த்தேன். வாய்க்காலில் ஒரு சொட்டு நீர் இல்லை. மார்ச்சு முடிவதற்குள் தொகையைச் செலவிடவேண்டும் என்ற அவசரம் வேறு. குழி வெட்டலாம் என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. வடிகால் நிரம்பிக் கரை புரண்டது. குழியிலிருந்த அனைத்தும் மிதந்து, நட்டு ஒரு மாதமே ஆன சம்பா வயல்களில் படிந்தது. நீர் வடிந்தபின் களையெடுக்க இறங்கிய அம்மையார் ஒருவரின் காலை உடைந்த புட்டி கிழித்தது. மூன்று வாரம் அவர் வேலைக்குப் போக இயலவில்லை. அவ்வயலின் உழவர் ஒரு கூடை நிறைய நெகிழிப் பைகளையும் கண்ணாடித் துண்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. "ஐயா, கோரையைப் பிடுங்கத் தெரியும், குதிரைவாலியைப் பிடுங்கத் தெரியும், இதை எந்தக் களை என்று பிடுங்குவது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இன்றும் தெரியாது.

அதன் பின்னரே 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை எடுத்து முழுவதும் படித்தேன். ஓடை என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், நீர் ஓடினும் வற்றிக் கிடப்பினும் நீர்வழி நீர்வழியே என்று இருக்கின்றது. கோடையில் வறண்ட வாய்க்காலைக் கண்டு ஏமாந்த எனக்கென்றே எழுதினாற்போல் இருந்தது.

ஐந்து கேள்விகள்

ஊராட்சிக்கெனத் தனிச் சூழல் அலுவலரை நியமிக்க நமக்கு வசதியில்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்விகளை நாமே கேட்கலாம். எந்தப் பணிக்கும் தீர்மானம் நிறைவேற்றுமுன் இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதி விடை கண்டு, தீர்மானத்தோடு இணைத்து வைக்குமாறு வேண்டுகின்றேன்.

முதலாவது, பணி எவ்விடத்தில் நடக்கின்றது? கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் ஆகும். அலை ஏறி இறங்கும் ஆற்று முகத்திலும் உப்பங்கழியிலும் 2011ஆம் ஆண்டு அறிவிக்கை 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், 2019ஆம் ஆண்டு அறிவிக்கை 50 மீட்டர் அல்லது கழியின் அகலம், இவற்றுள் எது குறைவோ அதனை எல்லையாகக் கூறுகின்றன. கோடையின் வறண்ட காலத்தில் ஆயிரம் பங்கு நீரில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம் வரை அலையின் ஆட்சி எனக் கொள்ளப்படும். உங்கள் ஊருக்கு எந்த வரைபடம் நடப்பில் உள்ளது என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, ஒரு படியை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள். மேலும், இது பழம்பெரும் துறைமுக நகரம். 1960களில் கீழையூரில் நடந்த அகழாய்வில் பழைய செங்கற் படகுத்துறை வெளிப்பட்டது. அடித்தளம் தோண்டும்போது பழஞ்செங்கல்லோ காசோ தென்பட்டால் வேலையை நிறுத்தி, வருவாய்த் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.

இரண்டாவது, மண் எங்கிருந்து வருகின்றது? ஊர்க்குளம் தூர் வாருவதற்கும், ஊராட்சியின் சமூகப் பணிகளுக்கும் 2016ஆம் ஆண்டு அறிவிக்கை முன்கூட்டிய சூழல் அனுமதியிலிருந்து விலக்களித்தது. உழவர்கள் ஏரி, குளங்களிலிருந்து வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கும் முறை 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஏற்பட்டது. ஆனால் வயலுக்கென எடுத்த வண்டல் விலைக்குப் போகுமானால், அது தூர் வாருதல் ஆகாது. கனிமத் திருட்டே ஆகும். சாலை போன்ற நீள்பணிகளுக்கு மண் எடுப்பதற்கு 2020இல் வரையறையின்றித் தரப்பட்ட விலக்கை உச்சநீதிமன்றம் 2024ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் நீக்கியதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது, இப்பணியிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகும்? தெருச் சாக்கடையைப் பாசன வாய்க்காலில் சேர்ப்பது எளிது, செலவும் குறைவு. அந்நீரில்தான் அடுத்த ஊரார் நாற்று நடுகின்றனர். உறிஞ்சு குழியோ, நாணலும் கல்வாழையும் வளர்த்த தேக்கமோ அமைக்க இடம் உண்டா என்று முதலில் பாருங்கள். நம் பகுதியில் நிலத்தடி நீர்மட்டம் மேலே இருப்பதால், உறிஞ்சு குழியைக் குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் அமைத்தலும் தீங்கே.

நான்காவது, கழிவு எங்கே போகும்? இக்கேள்விக்கு விடை கண்டபின் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: கார்த்திகை வெள்ளத்தில் அது எங்கே போகும்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. நீர் எவ்வளவு தூரம் வரும் என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். அவர்களைக் கேட்காமல் இடம் தேர்ந்தெடுத்தல் கூடாது.

ஐந்தாவது, யார், எப்போது பார்ப்பார்? பெயரும் நாளும் எழுதாத பொறுப்பு யாருக்கும் உரியதன்று. மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை என இரு உறுப்பினர்கள் பார்வையிட்டுக் குறிப்பேட்டில் எழுதவேண்டும்.

தடையா, துணையா?

"அனுமதி கேட்டால் ஆண்டு ஓடிவிடும், தொகை திரும்பிப் போய்விடும்" என்பது உங்கள் குறை. அக்குறையில் உண்மை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் பெரும்பாலும் மாசி மாதத்தில் கேட்கத் தொடங்குகின்றோம். ஆடியில் கேட்டிருக்க வேண்டும். கடற்கரை விதி என்றாலே எதுவும் கூடாது என்ற எண்ணமும் சரியன்று. உள்ளூர் மக்களுக்குத் தேவையான மருந்தகம், பள்ளி, மழைக்கு ஒதுங்கும் கூடம், பொதுக் கழிப்பிடம், பாலம், சாலை, குடிநீர், வடிகால் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து அனுமதிக்கலாம் என்று 2011ஆம் ஆண்டு அறிவிக்கையே கூறிற்று. செய்யாதே என்று விதி சொல்லவில்லை. கேட்டுச் செய் என்றே சொல்கின்றது. கேளாமல் செய்தால் என்னவாகும்? 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால், 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஊராட்சியின் வரிப்பணம் வீணே தண்டமாகப் போவதற்கு நாம் இடங்கொடுக்கலாமா?

உழவர் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊராட்சி செய்யும் பணியை முதலில் காண்பவர்கள் நீங்களே. வாய்க்காலில் நுரை மிதந்தால், மீன் செத்து மிதந்தால், கிணற்று நீர் உவர்த்தால், நாளையும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக் கிராம சபையில் கொடுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுதிய குறிப்பு நிற்கும். ஆய்வுக்கூடத்துக் கருவிக்கு முன்னரே உங்கள் நாவும் கண்ணும் உண்மையை அறிந்துவிடுகின்றன.

பெருமக்களே, நமக்குக் கீழே ஊரில்லை, கடல்தான் இருக்கின்றது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அக்கடலில் வலை வீசும் மீனவச் சகோதரர்கள் நமக்குக் கீழ்மடையினர் அன்றோ? மேல்மடையாரிடம் நாம் எதை எதிர்பார்க்கின்றோமோ, அதை நாம் அவர்களுக்குச் செய்தல் முறையாகும். அவ்வுழவர் என் மேசைமேல் வைத்த கூடையை நான் தூக்கி எறியவில்லை; எந்த அலுவலகத்திற்கு மாறினும் என்னுடன் எடுத்துச் செல்கின்றேன். ஒவ்வொரு மதிப்பீட்டிலும் கையெழுத்திடுமுன் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கின்றேன். நீங்களும் தீர்மானத்தில் கையெழுத்திடுமுன் அவ்வைந்து கேள்விகளையும் ஒருமுறை பாருங்கள்.