நாலாவது போல்ட் ஏற மறுக்கிறதா?
(வானொலி உரை)



நம்ம ஊர்களில் டிராக்டருக்கு அடுத்தபடியாக உழைக்கிற வண்டி ஜீப்பும் பிக்கப்பும்தான். உர மூட்டை ஏற்றணுமா, தக்காளியை ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோகணுமா, அதுதான் போகணும். தார் ரோட்டோடு நிற்கிற உழைப்பா அது? ஓடை, மேடு, கல் நிறைந்த வண்டிப்பாதை என்று தோட்டம் வரைக்கும் வருகிறது. அதனால்தான் இப்படிப்பட்ட பல வண்டிகளில் என்ஜினுக்கு அடியில் ஒரு தடித்த தகட்டைப் பூட்டியிருப்பார்கள். பட்டறையில் என்ஜின் கார்டு என்பார்கள். நாம் அடித்தகடு என்று சொல்லிக்கொள்வோம்.

இந்தத் தகடு கல்லடியைத் தான் வாங்கிக்கொண்டு, ஆயில் சேம்பரைக் காப்பாற்றுகிறது. சேம்பர் உடைந்தால் ஆயில் ஒழுகிப்போகும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் என்ஜின் இறுகிவிடும். அறுவடைக் காலத்தில் அப்படி நடந்தால் என்ன நஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பல வண்டிகளில் ஆயில் மாற்ற இந்தத் தகட்டைக் கழற்றவேண்டியிருக்கும். கழற்றுவது சுலபம். திரும்பப் பூட்டும்போதுதான் வம்பு. மூணு போல்ட் ஏறும், நாலாவதுக்குத் துளை நேராக நிற்காது. அப்போது என்ன செய்வது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

முதலில் உயிர் பத்திரம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜின் ஆறட்டும். கியரில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுங்கள். நாலு சக்கரமும் தரையில் இருக்கும்போதே கை எட்டினால் அதுவே நல்லது. தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால், சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கிவிடும். கண்ணில் துரு விழும், ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

தகட்டைப் பூட்டுமுன் என்ஜினை ஓட்டிப் பார்த்து, ஆயில் போல்ட்டில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பூட்டின பிறகு தெரிந்தால் மறுபடியும் கழற்றணும்.

சரி, துளை ஏன் விலகுகிறது? நாலு காரணம் இருக்கலாம்.

ஒன்று, காய்ந்த சேறும் துருவும். தகடு உட்காரும் இடத்தில் ஒரு கட்டி மண் இருந்தாலே தகடு சாய்ந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் சுத்தமாகத் தேயுங்கள்.

இரண்டு, போல்ட் மாறிப்போவது. சில வண்டியில் முன்னால் நீளம், பின்னால் குட்டை. சிலவற்றில் இடையில் புஷ் இருக்கும். அதனால் கழற்றும்போதே ஒரு அட்டையில் தகட்டைப் படமாக வரைந்து, அந்தந்த போல்ட்டை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

மூன்று, முதல் போல்ட்டையே முழுக்க இறுக்கிவிடுவது. பாதிக்குப் பாதி இதுதானுங்க காரணம். கட்டில் பூட்டுகிற ஆசாரியைப் பாருங்கள். ஒரு காலை முழுசாக அடித்து இறுக்கிவிட்டா அடுத்த காலுக்குப் போகிறார்? எல்லாச் சட்டத்தையும் லேசாகக் கோத்துவிட்டு, பிறகுதான் தட்டி இறுக்குவார். அதே முறைதான் இங்கேயும்.

நாலு, தகடோ அதைத் தாங்குகிற பட்டையோ கல்லில் மோதி வளைந்திருப்பது. வளைந்த தகட்டில் துளைக்குத் துளை தூரம் குறைந்துவிடும்.

இப்போது பூட்டும் முறை. தகடு கனமாக இருந்தால் ஒரு ஆள் தாங்கிப் பிடிக்கட்டும். இல்லையென்றால் பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றுங்கள். எது அடம் பிடிக்கிறதோ, அதை முதலில் ஏற்றிவிட்டு மற்றதுக்கு வாருங்கள். துளை கொஞ்சம் விலகி நின்றால், நுனி ஒடுங்கிய இரும்புக் கம்பியை விட்டு மெதுவாக நெம்புங்கள். நேராக வந்ததும் பக்கத்துத் துளையில் போல்ட்டைக் கோர்த்துவிடலாம். துளை நேராக வந்ததா என்று விரலை மட்டும் விட்டுப் பார்க்காதீர்கள். தகடு நழுவினால் கத்தரிக்கோல் மாதிரி விரலை நறுக்கிவிடும்.

போல்ட் சாய்ந்தபடி இறுகுகிறது என்று தோன்றினால் உடனே நிறுத்துங்கள். பலவந்தமாக ஏற்றினால் மரை கெடும். சேஸிஸுக்குள் ஒட்டிவைத்த நட் பிய்ந்து உள்ளேயே சுற்றத் தொடங்கினால் வெட்டித்தான் எடுக்கணும். புது போல்ட் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டிலேயே மரை இடைவெளி 1.25, 1.5 என்று இரண்டு வகை உண்டு. இரண்டு போல்ட்டின் மரையையும் ஒட்டவைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பல்லுக்குப் பல் பொருந்தினால் ஒரே வகை.

இவ்வளவு செய்தும் வரவில்லையா? தகட்டை இறக்கிவிட்டு, ஒரு அட்டையைச் சேஸிஸில் அழுத்தித் துளைகளைக் குறியுங்கள். அந்த அட்டையைத் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள். எந்தத் துளை, எந்தப் பக்கம், எவ்வளவு விலகல் என்று பளிச்சென்று தெரியும். தகடு வளைந்திருந்தால், என்ஜினைப் பார்த்த பக்கம் மேலே இருக்கும்படி பலகையில் போட்டு, கட்டை வைத்துத் தட்டுங்கள். தயாரிக்கும்போதே கொடுத்த மடிப்பை நிமிர்த்திவிடக் கூடாது.

இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகல் என்றால், உருண்டை அரத்தால் தகட்டின் துளையைத் தேவையான பக்கம் மட்டும் நீட்டிக்கொள்ளலாம். தடித்த அகல வாசர் போட்டு, தேய்த்த இடத்தில் பெயின்ட் அடியுங்கள். அரம் தகட்டுக்குத்தான், சேஸிஸுக்கு இல்லை. துளை தகட்டின் ஓரத்தை நெருங்கினாலோ, விலகல் அதற்கு மேல் இருந்தாலோ, சேஸிஸ் பட்டையே வளைந்திருந்தாலோ பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அந்தச் செலவு என்ஜின் செலவில் கால் தூசி.

எல்லாம் ஏறியபின், சக்கர நட் இறுக்குவது போல் எதிர்மூலைக்கு எதிர்மூலை, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி இழுக்க வேண்டாம். ஒயரோ, பிரேக் குழாயோ இடையில் சிக்கவில்லையா, தகடு சேம்பரில் உரசவில்லையா என்று பாருங்கள். சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு போல்ட் ஏறவில்லை என்று கட்டுக்கம்பியால் கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். அதிர்வில் கம்பி அறுந்து, தகடு ரோட்டில் தொங்கினால் உங்களுக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. அதைவிடத் தகட்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு, நல்ல ரோட்டில் மெதுவாகப் பட்டறைக்குப் போவது மேல்.

ரோட்டவேட்டரின் பக்கச் சறுக்குத் தகட்டைக் கழற்றி மாட்டும்போதும் இதே முறைதான்: சுத்தம் செய், எல்லாவற்றையும் கோர், பிறகு இறுக்கு. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நிதானமாகச் செய்யுங்கள்.