கிறிஸ்துமஸ் கூடை ஜனவரிக்கும் நிறையட்டும்



கிறிஸ்துமஸ் காலத்தில் கொடுக்கும் மனம் பெருகுகிறது. உணவு வங்கிகளுக்கு அரிசியும் மாவும் வந்து குவிகின்றன. பாராட்டத்தக்கது. ஆனால், ஜனவரியில்?

காம்பார் வட்டாரம் வேலை இழப்பின் வலியை அறிந்தது. 1985-இல் ஈய விலை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள் நம்மவர்கள். இன்றும் மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது, வருமானம் குறையும்.

2021-இல் பெருந்தொற்று முடக்கத்தின்போது, உதவி தேவைப்பட்டோர் வாசலில் வெள்ளைக்கொடி கட்டினார்கள். அக்கம்பக்கத்தார் இன, மத பேதமின்றி உணவோடு வந்தார்கள். இன்று அந்தக் கொடிகள் இல்லை. ஆனால், கூச்சத்தால் வாய் திறவாத வீடுகள் இருக்கின்றன.

ஆகவே, கொடுக்கும் முன் எது குறைவாக இருக்கிறதென்று கேளுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். கேக்கைவிட அரிசி, பருப்பு, எண்ணெய், டின் மீன் நாள்பட நிற்கும். பத்துக் கிலோ அரிசி தர நினைப்பவர் ஐந்தை இப்போதும் ஐந்தைப் பிப்ரவரியிலும் தரலாம். வாங்குகிறவரை நிறுத்திப் படம் பிடிக்க வேண்டாம்.

இயேசு பாலன் பிறந்தது மாட்டுத் தொழுவத்தில். சத்திரத்தில் இடம் கிடைக்காத ஏழைத் தம்பதியரை நினைக்கும் பண்டிகை இது. அந்த நினைவு டிசம்பரோடு முடிந்துவிடக் கூடாது.