முகத்தில் ஒரு தடிப்பு

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முகத்தில் ஏதாவது கிளம்பினால் வீட்டில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "வயசுக் கோளாறு!" பாட்டி மட்டும் "உடம்புச் சூடு" என்பார். பெரும்பாலும் அது பருதான். எப்போதும் அல்ல.

தோல் மருத்துவர் கேட்பது வேறு: "என்ன மருந்து எடுக்கிறாய், எப்போது ஆரம்பித்தாய்?" சாதாரணப் பருவில் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கும், கரும்புள்ளியும் இருக்கும். ஸ்டீராய்டு மருந்தால் வருபவை ஒரே அச்சில் வார்த்தவை போல ஒரே அளவில் இருக்கும். பருவுக்கென்றே தரும் டாக்சிசைக்ளின் மாத்திரை, வெயிலில் போனால் முகத்தைச் சிவக்க வைப்பதும் உண்டு. வேடிக்கைதான்!

மாத்திரையைக் கேட்கிறோம், களிம்பை மறந்துவிடுகிறோம். முகம் வெளுக்க வேண்டும் என்று தோழி சொன்ன டியூபை வாங்கித் தடவுகிறார்கள். அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் பளபளக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும். எரிச்சல் அடங்க மறுபடி தடவுவார்கள். இப்படியே மாதங்கள் ஓடும். டாக்டர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடையில் சீட்டை யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

மறுபடி மாத்திரைக்கு வருவோம். வலிப்புக்கு லாமோட்ரிஜின், கார்பமசெபின் போன்ற மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் தடிப்பு வந்தால், அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம் எதுவும் சேர்ந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.