பழுது நீங்கிய பின்னர்



திருக்கோணமலைத் துறைமுகம் ஆழம் மிக்கது. இயற்கையே அமைத்துத் தந்தது. ஆயினும், பெருங்கப்பல்கள் வழிகாட்டும் மாலுமியின் துணைகொண்டே உள்ளே வருகின்றன. மடிக்கணினியின் அமைப்பும் இத்தகையதே. விண்டோஸ் போன்ற இயங்குதளத்தைக் கப்பல் என்று கொண்டால், விசையை அழுத்தியவுடன் முதலில் விழித்தெழுந்து அதனைத் தேடிக் கொணரும் பயோஸ் என்னும் சிறு நிரலே வழிகாட்டி. அது தாய்ப்பலகையில் குடியிருப்பது. எனவே, தாய்ப்பலகை மாறினால் வழிகாட்டியும் மாறிவிடுகின்றது.

கடலை அடுத்து வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. உப்புக்காற்றும் மாரிக்கால ஈரமும் கணினியின் நுண்ணிய உலோக இணைப்புகளை அரிக்கக்கூடியன. மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ள ஒருவர் தம் கணினியைப் பட்டினத்திற்குக் கொண்டுவந்து பழுது பார்த்துச் செல்கின்றார். வீட்டிற்குச் சென்று திறந்தால் இயங்குதளம் எழவில்லை. உடனே, அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்ற எண்ணம் பிறக்கின்றது. அதனுள்ளேதான் உயர்தர மாணவியின் செயற்றிட்டமும், கடையின் ஓராண்டுக் கணக்கும், இறந்துபோன தந்தையின் நிழற்படங்களும் இருக்கும். நாம் செய்யும் வேலைகளுள் திருத்திக்கொள்ள முடியாதது அழித்தல் ஒன்றே. ஆகவே, அது எல்லாவற்றுக்கும் பின்னர் வரவேண்டும்.

முதலில், எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று பழுது பார்த்தவரிடம் கேட்டறிக. மின்கலமோ விசைப்பலகையோ மட்டும் மாறியிருப்பின், பெரும்பாலும் மறுநிறுவல் தேவைப்படாது. அடுத்து, பயோஸ் திரையில் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பார்க்க. பழுது பார்க்கும்போது மின்னிணைப்பு அறுந்தால் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடுவதுண்டு. நாள் தவறினால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும்.

மூன்றாவதாக, அதே திரையில் வன்தட்டின் பெயர் தோன்றுகின்றதா என்று நோக்குக. தோன்றவில்லையெனில், இணைப்புத் தளர்ந்திருக்கலாம், அல்லது தட்டே பழுதாகியிருக்கலாம். எத்தனை முறை நிறுவ முயன்றாலும் பயனில்லை. பயோஸில் தோன்றி, நிறுவும் நிரலில் மட்டும் தோன்றவில்லையெனில், தட்டைக் குறை கூறாதீர். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவுமான செயலிகள் கொண்ட பல கணினிகளில் வி.எம்.டி. என்றொரு ஏற்பாடு உண்டு. அதனை அறிவதற்குரிய டிரைவர் மென்பொருளைக் கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பெற்று, பென் டிரைவில் இட்டு, நிறுவும்போது காட்டினால் தட்டு வெளிப்படும்.

நிறுவுதல் இடைநடுவில் நின்றுவிடுவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவை ஐயுறுக. வேறொன்றில் புதிதாகப் படியெடுக்க. நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால், நினைவகத்தைச் சோதிக்கச் சொல்லுக. முதற் கட்டம் முடிந்து கணினி மறுபடி எழும்போது, திரும்பவும் தொடக்கத்திற்கே வருமாயின், அது பென் டிரைவிலிருந்தே எழுகின்றது என்று பொருள். அதனைக் கழற்றிவிட்டால் வேலை தொடரும்.

இனிச் சொல்வது யாவற்றினும் முக்கியமானது. அண்மைக்காலக் கணினிகள் பலவற்றில், உரிமையாளர் அறியாமலேயே வன்தட்டு பிட்லொக்கர் என்னும் பூட்டினாற் பூட்டப்பட்டிருக்கும். அதன் திறவுகோலை டி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லு காத்து நிற்கும். தாய்ப்பலகை மாறியவுடன் அச்சில்லும் மாறுகின்றது. கணினி 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கேட்கின்றது. இது பழுதன்று; காவல். பெரும்பாலும் அத்திறவுகோல் உரிமையாளரின் மைக்ரோசொப்ட் கணக்கிற் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியிலிருந்தே அங்கு சென்று பார்க்கலாம். அது எங்குமே இல்லையெனில், தட்டு நலமாயிருந்தும் உள்ளேயிருப்பதைத் திறக்க வல்லவர் எவருமிலர். ஆதலால், கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன்னரே அவ்விலக்கங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதும், கோப்புகளுக்கு வேறொரு படி எடுத்துக்கொள்வதும் நம் கடமையாகும்.

நிறுவி முடிந்தபின், விண்டோஸ் தன் உரிமத்தை ஏற்க மறுக்கலாம். அவ்வுரிமம் பழைய தாய்ப்பலகையோடு பிணைந்திருந்ததே காரணம். முன்னரே மைக்ரோசொப்ட் கணக்குடன் இணைத்திருந்தால், அக்கணக்கில் நுழைந்து, அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்னும் தெரிவின் வழியே மீட்க முயலலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டுவோர், தம் கணினியில் டி.பி.எம். 2.0 உண்டா என்று முதலிலேயே அறிந்துகொள்க. அது பயோஸில் அணைக்கப்பட்டிருக்கவும் கூடும்.

நேயர்களே, பழுது பார்க்கப்பட்ட கணினி எழாதபோது, அது கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. புதிய உறுப்பும் பழைய நினைவும் ஒன்றையொன்று இன்னும் அறிந்துகொள்ளவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை. என்ன மாறியது என்று கேட்டு, தட்டுத் தெரிகின்றதா என்று பார்த்து, திறவுகோலைத் தேடியெடுத்து, இறுதியாக மட்டுமே அழிக்கும் பொத்தானிடம் செல்லுக. சற்றே பொறுத்தால், ஓராண்டு உழைப்பு மிஞ்சும்.